பறக்கப் பழகும் பிள்ளைகளும் எல்ஸ்ட்ரீ மூடுபனியும்



வழமையாக இந்த நேரத்தில் வரிக் கணக்கு, வீட்டுக் கடன், ஓய்வூதியம் என்று பேசுகிற நான் இன்றைக்கு விமானத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கடந்த சில மாதங்களுக்குள் இரண்டு தாய்மார் கலையகத்துக்குத் தொலைபேசி எடுத்து ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "அண்ணை, மகன் பிளேன் ஓடப் பழகப் போறன் எண்டு நிக்கிறான். காசைக் குடுக்கிறதோ, மறிக்கிறதோ?" அதில் ஒருவர் கேட்ட விதம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பணத்தைப் பற்றித்தான் கேட்டார், ஆனால் குரலில் இருந்தது பயம்.

அந்தப் பயத்தை நாங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் தலைமுறைக்கு ஆகாயத்தில் சத்தம் கேட்டால் முதலில் வருகிற எண்ணம் பங்கர்தான். புக்காரா, சகடை, கிபிர் என்று ஒவ்வொன்றின் இரைச்சலையும் காதால் பிரித்தறிந்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த வீட்டுப் பிள்ளை இன்றைக்கு ஒரு சனிக்கிழமை காலையில் சின்னஞ்சிறு செஸ்னா விமானத்தின் முன் ஆசனத்தில் ஏறி, கீழே தெரிகிற வெம்பிளி விளையாட்டரங்கைப் படம் எடுத்து அனுப்புகிறது. இதை நான் ஒரு நல்ல மாற்றம் என்றுதான் பார்க்கிறேன். ஆனால் பயப்படுகிற தாய்க்கு "பயப்படாதையுங்கோ" என்று சும்மா சொல்வது பதில் ஆகாது.

நான் விமானி அல்ல. ஆனால் விமான விபத்து அறிக்கைகளை வாசிப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். பிரித்தானியாவில் இதற்கென்று ஒரு விசாரணைப் பிரிவு இருக்கிறது. ஏஏஐபி என்பார்கள். 1915ஆம் ஆண்டு, முதலாம் உலகப்போர்க் காலத்தில், இராணுவ விமானப் பிரிவுக்குள் தொடங்கியது அதன் கதை. அவர்களுடைய அறிக்கைகள் எல்லாம் பொதுவில் கிடைக்கும், எவரும் வாசிக்கலாம். கணக்காய்வு அறிக்கை மாதிரி வரண்ட நடையில் இருக்கும். ஒரு நிறுவனம் முறிந்த பிறகு கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால், முறிந்த நாளில் ஒன்றும் நடந்திருக்காது, எல்லாம் அதற்கு முன்பே நடந்திருக்கும். விமான விபத்தும் பெரும்பாலும் அப்படித்தான்.

முதலில் ஒரு விடயத்தைத் தெளிவாக்கிக் கொள்வோம். நாங்கள் கொழும்புக்கும் சென்னைக்கும் ரொறன்ரோவுக்கும் போகிற பெரிய விமானங்களும், பிள்ளைகள் பழகுகிற சிறிய விமானங்களும் ஒன்றல்ல. பெரிய விமானத்தில் இரண்டு விமானிகள், கம்பனியின் கட்டுப்பாட்டு அறை, வானிலை அலுவலர், பொறியியலாளர் என்று பின்னால் ஒரு பட்டாளமே நிற்கிறது. சிறிய விமானத்தில் அத்தனை வேலையையும் ஒரே ஆள் பார்க்கிறார். போவதா விடுவதா என்று தீர்மானிப்பதும் அவர்தான், அந்தத் தீர்மானத்தைச் சரிபார்ப்பதும் அவர்தான். கணக்கியலில் இதை நாங்கள் அனுமதிப்பதே இல்லை. காசோலை எழுதுகிறவரும் கையெழுத்து வைக்கிறவரும் ஒருவராக இருக்கக்கூடாது என்பது முதலாம் பாடம்.

இந்த நாட்டில் தனியார் விமானி அனுமதிப்பத்திரத்துக்கு ஆகக் குறைந்தது 45 மணித்தியாலம் பறந்திருக்க வேண்டும். அதில் 25 மணித்தியாலம் பயிற்றுநரோடு, 10 மணித்தியாலம் தனியாக. 16 வயதில் தனியாகப் பறக்கலாம், 17 வயதில் அனுமதிப்பத்திரம் எடுக்கலாம். 45 என்பது ஆகக் குறைந்த அளவு, பலருக்கு அதைவிடக் கூடுதலாகவே தேவைப்படும். அதற்கேற்ற பணத்தை முன்கூட்டியே கணக்குப் பண்ணுங்கள். பணம் முடிந்து பாதியில் நிறுத்தி, ஆறு மாதம் கழித்துத் தொடர்வது பணத்துக்கும் நட்டம், கைப்பழக்கத்துக்கும் நட்டம்.

இனி எல்ஸ்ட்ரீக்கு வருவோம். எட்ஜ்வெயர், ஸ்டான்மோர் பக்கம் இருக்கிற நேயர்களுக்கு இந்த இடம் தெரியும். எம்1 நெடுஞ்சாலைக்குக் கிட்ட, ஹார்ட்பட்ஷயர் எல்லைக்குள் இருக்கிற சிறிய விமானத்தளம். 1975ஆம் ஆண்டு கார்த்திகை 29ஆம் திகதி சனிக்கிழமை இரவு, பிரான்சின் தெற்கிலிருந்து ஒரு இரட்டை இயந்திர பைப்பர் விமானம் இங்கே இறங்க வந்தது. ஓட்டியவர் கிரஹாம் ஹில். 1962இலும் 1968இலும் உலக மோட்டார் பந்தயச் சம்பியனானவர். மொனாக்கோ, இண்டியானாபொலிஸ், லு மான் என்ற மூன்று பெரும் பந்தயங்களையும் வென்ற ஒரே சாரதி இன்றுவரைக்கும் அவர்தான். ஓய்வு பெற்று, சொந்தமாக ஒரு பந்தயக் குழு நடத்தினார். புதிய காரைப் பரீட்சித்துவிட்டுக் குழுவினரோடு வீடு திரும்பிக் கொண்டிருந்தார். எல்ஸ்ட்ரீயில் அன்றிரவு மூடுபனி. விமானத்தளத்துக்குச் சில மைல் கிழக்கே ஆர்க்லி என்ற இடத்தில், கோல்ஃப் மைதானத்து மரங்களில் மோதி விழுந்து எரிந்தது. ஆறு பேரும் இறந்தார்கள். அவர்களில் ரொனி பிறைஸ் என்ற இளம் சாரதிக்கு வயது 23.

இவ்வளவும் பத்திரிகையில் வந்த சோகக் கதை. கணக்காளன் என்ற முறையில் என்னைப் பிடித்து உலுக்கியது அதற்குப் பின்னால் வந்தது. விசாரணையில் என்ன தெரிய வந்தது என்றால், அந்த விமானம் முன்பு அமெரிக்கப் பதிவேட்டில் இருந்தது. அங்கிருந்து நீக்கப்பட்ட பிறகு எந்த நாட்டிலும் பதியப்படவில்லை. ஆகாயத்தில் பறந்த அந்த விமானத்துக்குச் சட்டப்படி நாடே இல்லை. நாடற்றவர் என்றால் என்ன என்று எங்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை, ஆனால் இங்கே அது வெறும் கடதாசி வேலையைக் கவனிக்காததால் வந்தது. ஹில்லின் அமெரிக்க விமானி அனுமதி காலாவதியாகி இருந்தது. மோசமான வானிலையில் கருவிகளைப் பார்த்துப் பறப்பதற்கான தகுதியும் காலாவதி. இவை எல்லாவற்றின் விளைவாகக் காப்புறுதி செல்லாமல் போயிற்று.

அதன் பிறகு இறந்த மற்றவர்களின் குடும்பங்கள் நட்டஈடு கேட்டு ஹில்லின் சொத்தின் மேல் வழக்குப் போட்டன. அவர்களைக் குறை சொல்ல முடியுமா? அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். ஹில்லின் மனைவி கணவனையும் இழந்து, சேமிப்பையும் இழந்து, வீட்டையும் விற்க வேண்டி வந்தது. மகன் டேமனுக்கு அப்போது 15 வயது. பிற்காலத்தில் கூலி வேலையும் மோட்டார் சைக்கிளில் பொதி கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையும் பார்த்தார். 1996இல் அவரும் உலகச் சம்பியனானார், அது வேறு கதை. ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி வாய்க்காது.

ஒரு புதுப்பித்தல் படிவம் மேசையில் கிடக்கிறது. நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளி வைக்கிறார்கள். பறப்பதற்கு அந்தப் படிவம் தேவையில்லை, அது இல்லாமலும் இயந்திரம் இயங்கும். அதுதான் இதிலுள்ள ஆபத்து.

அதே எல்ஸ்ட்ரீ, அதே மூடுபனி, 37 வருடம் கழித்து மறுபடியும் ஒரு அறிக்கையில் வருகிறது. 2013 தை 16ஆம் திகதி காலை. வொக்ஸ்ஹோல் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹெலிகொப்டர் பாரந்தூக்கியில் மோதி வீதியில் விழுந்ததை உங்களில் பலர் அன்று செய்தியில் பார்த்திருப்பீர்கள். தெற்கு லண்டனில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த எங்கள் ஆட்கள் சிலரும் அந்தப் புகையைக் கண்டார்கள். விமானியும், கீழே நடந்து போய்க்கொண்டிருந்த ஒருவரும் இறந்தார்கள். அது வாடகைப் பயணம், பயிற்சி விமானம் அல்ல. விமானிக்கு 10,000 மணித்தியாலத்துக்கும் மேற்பட்ட அனுபவம். சரேயிலுள்ள றெட்ஹில்லிலிருந்து புறப்பட்டு, எல்ஸ்ட்ரீயில் ஒரு வாடிக்கையாளரை ஏற்றப் போனார். அங்கே மூடுபனியில் இறங்க முடியவில்லை. திரும்பும் வழியில் பாட்டர்ஸியில் இறங்க முயன்றபோதுதான் இது நடந்தது. புறப்படுவதற்கு முன்பும், பறந்துகொண்டிருக்கும் போதும், வானிலை பற்றிக் குறுஞ்செய்திகள் போய் வந்திருக்கின்றன.

45 மணித்தியாலக்காரருக்கும் 10,000 மணித்தியாலக்காரருக்கும் பொதுவான எதிரி ஒன்று இருக்கிறது. அது மூடுபனி அல்ல. மூடுபனி தன்பாட்டில் வந்து தன்பாட்டில் போகும். "போயே ஆகவேணும்" என்ற எண்ணம்தான் எதிரி. யாரோ காத்திருக்கிறார்கள், நாளைக்கு வேலை இருக்கிறது, கார் அந்த விமானத்தளத்தில்தான் நிற்கிறது, இவ்வளவு தூரம் வந்தாயிற்று. கணக்கியலில் இதை மூழ்கிய செலவு என்போம். செலவழித்த காசு திரும்பி வராது, ஆகவே அடுத்த முடிவை எடுக்கும்போது அதைப் பார்க்கவே கூடாது. சொல்வது சுலபம்.

முகிலுக்குள் போனால் என்ன நடக்கும் என்று ஒரு கேள்வி வரலாம். கொஞ்ச நேரம் நேராகப் பிடித்துக்கொண்டு போனால் வெளியே வந்துவிடலாம்தானே? முடியாது. எங்கள் உட்காதுக்குள் திரவம் நிறைந்த மூன்று சிறு வளையங்கள் இருக்கின்றன. தலை திரும்பினால் திரவம் அசைந்து மூளைக்குச் சொல்லும். விமானம் மெதுவாக ஒரு பக்கம் சரிந்து திரும்பத் தொடங்கி, அப்படியே திரும்பிக்கொண்டிருந்தால், சிறிது நேரத்தில் அந்தத் திரவமும் கூடவே சுற்றத் தொடங்கிவிடும். அப்போது நேராகப் போகிறோம் என்று உடம்பு சத்தியம் பண்ணும். கண்ணுக்கு அடிவானம் தெரிந்தால் பிழையைக் கண்டுபிடிக்கலாம், முகிலுக்குள் அதுவும் இல்லை. விமானத்தை நிமிர்த்தினால் மற்றப் பக்கம் சரிகிறோம் என்று தோன்றும், ஆகவே திரும்பவும் பழைய சரிவுக்கே கொண்டுபோவார்கள். 1954இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில், கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை, பயிற்றுநர் பக்கத்தில் இருக்க, வெளியே பார்க்க முடியாதபடி செய்து பறக்கவிட்டுச் சோதித்தார்கள். 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்குச் சென்ற நேரம் சராசரி 178 செக்கன். மூன்று நிமிடம் கூட இல்லை. 1999 ஆடியில் ஜனாதிபதி கென்னடியின் மகன், மனைவியையும் மனைவியின் சகோதரியையும் ஏற்றிக்கொண்டு இரவில், மங்கலான வானத்தில் கடலுக்கு மேல் பறந்து இறந்ததும் இந்த உணர்வு மயக்கத்தினால்தான் என்று அமெரிக்க விசாரணை முடிவு செய்தது.

இதைச் சொல்லும்போது பயணிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களில் பெரும்பாலானோர் விமானியாக இருக்க மாட்டோம், பயணியாகத்தான் இருப்போம். மருமகன் புதிதாக அனுமதிப்பத்திரம் எடுத்திருக்கிறான். கால்வாயைத் தாண்டி பிரான்சின் கரையிலுள்ள லு டூக்கே விமானத்தளத்தில் இறங்கி, மதியச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வருவது இங்கத்தைய சிறு விமானக்காரரிடையே பிரபலமான ஞாயிற்றுக்கிழமைப் பயணம். போகும்போது வெயில். மூன்று மணிக்கு முகில் இறங்குகிறது. பெடியன் யோசிக்கிறான். பின் ஆசனத்திலிருந்து மாமா, "என்னடா, நாளைக்கு எனக்கு வேலை. இஞ்ச நிண்டு என்ன செய்யிறது" என்கிறார். மாமா வேண்டுமென்று சொல்லவில்லை. ஆனால் 20 வயதுப் பிள்ளைக்கு மாமாவின் முகத்தைப் பார்த்து "இல்லை" என்று சொல்வது எங்கள் வளர்ப்பில் எவ்வளவு கஷ்டம்! கலியாண வீட்டுக்கும் அந்தியேட்டிக்கும் நேரம் பிந்தினால் என்ன சொல்வார்களோ என்று எம்25இல் பறக்கிற சனம் நாங்கள். அந்தப் பழக்கத்தை விமானத்துக்குள் ஏற்றக்கூடாது. புறப்படுவதற்கு முன்பே மாமா சொல்ல வேண்டும்: "தம்பி, திரும்ப ஏலாட்டி நாங்கள் இரவு தங்குவம், ரயிலில வருவம், ஹோட்டல் காசு என்ர." அந்த ஒரு வசனத்தின் பெறுமதியைக் காசில் கணக்குப் பார்க்க எனக்குத் தெரியாது.

நல்ல பயிற்றுநர்கள் பிள்ளைகளிடம் தங்கள் எல்லையை வீட்டிலிருந்தே எழுதிக்கொண்டு வரச் சொல்வார்கள். காற்று இவ்வளவுக்கு மேல் என்றால் போகமாட்டேன், முகில் இவ்வளவுக்குக் கீழே என்றால் போகமாட்டேன் என்று. சட்டம் சொல்கிற எல்லை வேறு, அது கடைசிக் கோடு. தன் எல்லை அதற்கு நன்றாக உள்ளே இருக்க வேண்டும். எரிபொருளும் அப்படித்தான். போய்ச் சேர்ந்த பிறகும் பகலில் 30 நிமிடம், இரவில் 45 நிமிடம் பறக்கக்கூடிய அளவு மிச்சம் இருக்க வேண்டும் என்பது வழமையான விதி. அந்தக் கையிருப்பை வழிச்செலவாக நினைக்கக்கூடாது. தன் உடம்பையும் கணக்கில் எடுக்க வேண்டும்: தடிமன், மருந்து, முதல்நாள் குடி, நித்திரைக் குறைவு, வீட்டுச் சண்டை. இரவு வேலை முடித்துவிட்டு நேரே பறக்கப் போகிற பிள்ளையைத் தாய் மறித்தால் அது தாயின் பயம் அல்ல, பாடப் புத்தகத்திலேயே உள்ளது.

இனி நான் அதிகம் சொல்ல விரும்புகிற விடயம். 2019 தை 21ஆம் திகதி, எமிலியானோ சாலா என்ற 28 வயது ஆர்ஜென்ரீன உதைபந்தாட்ட வீரர், பிரான்சின் நாந்தஸ் நகரிலிருந்து கார்டிஃப் நகருக்கு ஒரு ஒற்றை இயந்திர பைப்பர் விமானத்தில் புறப்பட்டார். கார்டிஃப் கழகம் 15 மில்லியன் பவுண் கொடுத்து வாங்கிய வீரர். காலையில் புறப்பட இருந்த பயணம் மாலைக்குத் தள்ளிப்போய், இருட்டிய பிறகு புறப்பட்டது. சானல் தீவுகளுக்கு வடக்கே விமானம் கடலில் விழுந்தது. சாலாவின் உடல் கிடைத்தது, விமானியின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

2020இல் வந்த அறிக்கையை வாசித்தால் கிரஹாம் ஹில்லின் கதை திரும்பவும் வருகிற மாதிரி இருக்கும். விமானியிடம் இருந்தது தனியார் அனுமதிப்பத்திரம். பணத்துக்குப் பயணி ஏற்ற அவருக்கு உரிமை இல்லை. இரவில் பறக்கத் தகுதி இல்லை. அந்த வகை விமானத்துக்கான தகுதியும் 2018 கார்த்திகையில் காலாவதி. முகிலுக்கு வெளியே நிற்க முயன்று திருப்பியபோது கட்டுப்பாடு போய், அளவு மீறிய வேகத்தில் விமானம் ஆகாயத்திலேயே உடைந்தது என்று அறிக்கை சொல்கிறது. பயணத்தை ஒழுங்கு செய்தவருக்கு 2021இல் 18 மாதச் சிறை.

பணத்துக்கு ஆள் ஏற்ற அனுமதியில்லாதவர் ஏற்றுவது. இது எங்களுக்குப் புதிதா நேயர்களே? ஹீத்ரோவுக்கும் கட்விக்குக்கும் ஓடுகிற "தெரிஞ்ச பெடியன்" கார்கள் எத்தனை! அனுமதி பெற்ற மினிகாப்பைவிட 20 பவுண் மலிவு. வாடகைக்கு ஆள் ஏற்றினால் அவருடைய சாதாரணக் காப்புறுதி செல்லாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும், இரண்டு பேரும் பேசமாட்டார்கள். பெடியன் உழைக்க வேண்டுமென்ற நல்லெண்ணமும் அதற்குள் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் விபத்து நடந்தால் அந்தப் பெடியனுக்குத்தான் முதல் அழிவு. ஆகாயத்திலும் அதே சட்டம். தனியார் விமானி நண்பர்களோடு செலவைப் பகிரலாம், தன் பங்கையும் போட வேண்டும், இலாபம் எடுக்கக்கூடாது. "மச்சான், விமானச் செலவோட 50 பவுண் கூட வைச்சுக்கொள்" என்று ஆசையாகக் கொடுத்தாலும் அது பிள்ளையின் காப்புறுதியில் கை வைப்பதுதான்.

சாலாவின் அறிக்கையில் இன்னொன்றும் இருந்தது. அவருடைய இரத்தத்தில் காபன் மொனோக்சைட் 58 வீதம் கலந்திருந்தது. 50 வீதத்துக்கு மேல் போனாலே உயிருக்கு ஆபத்து. விமானியும் அதே காற்றைத்தான் சுவாசித்தார். சிறிய விமானங்களில் உள்ளே சூடாக்குவதற்கு, சூடான புகைபோக்கிக் குழாயைச் சுற்றிக் காற்றை ஓடவிட்டு உள்ளே விடுவார்கள். குழாயில் வெடிப்பு வந்தால் நச்சு வாயுவும் சேர்ந்து வரும். நிறம் இல்லை, மணம் இல்லை. தலையிடி, நித்திரை, சிந்தனை மந்தம், அவ்வளவுதான் அறிகுறி. குளிர்காலத்தில் சூடு போடும்போதுதான் இது கூடுதலாக நடக்கும். சத்தம் போட்டு எச்சரிக்கிற கருவி அந்த விமானத்தில் இருக்கவில்லை. அதன் விலை சில பத்துப் பவுண், 15 மில்லியன் பவுண் வீரர் ஏறிய விமானம் அது. 2025 தை 1ஆம் திகதி முதல், விமானி அல்லாத பயணிகளை இத்தகைய விமானங்களில் ஏற்றும்போது எச்சரிக்கைக் கருவி கட்டாயம் என்று பிரித்தானிய விமானப் போக்குவரத்து ஆணையம் உத்தரவிட்டிருக்கிறது. அப்படியே வீட்டையும் பாருங்கள். கொதிகலன் இருக்கிற அறையில் இந்தக் கருவி இருக்கிறதா? இங்கிலாந்தில் 2022 ஐப்பசியிலிருந்து வாடகை வீட்டுக்காரருக்கு இது சட்டக் கடமை. வீடு வாடகைக்கு விட்டிருக்கிற நேயர்கள் பலர் என் வாடிக்கையாளர்கள், ஆகவே பெயர் சொல்லாமல் சொல்கிறேன்.

இந்த நாட்டு விமானத் துறையில் எனக்குப் பிடித்த ஒன்று, அறிக்கைகள் யாருடைய குற்றம் என்று தீர்ப்புச் சொல்வதில்லை. குற்றம் பார்ப்பது நீதிமன்றத்தின் வேலை. ஏன் நடந்தது, இனி எப்படித் தடுப்பது என்பது மட்டும்தான் விசாரணையாளரின் வேலை. அதைவிட, மயிரிழையில் தப்பிய சம்பவத்தை விமானிகள் தாங்களே பெயர் வெளியிடாமல் எழுதி அனுப்ப 1982இலிருந்து சிர்ப் என்ற அமைப்பு இருக்கிறது. எங்கள் வீடுகளில் பிள்ளை காரைக் கொஞ்சம் உரசிக்கொண்டு வந்தால் என்ன நடக்கும்? ஏச்சு. அடுத்த தடவை பிள்ளை சொல்லாது, தானே வர்ணம் பூசிவிடும். பறக்கிற பிள்ளை வீட்டுக்கு வந்து "அம்மா, இண்டைக்கு முகிலுக்குக் கிட்டப் போயிட்டன்" என்று சொன்னால், தயவுசெய்து ஏசாமல் இரண்டு கேள்வி கேளுங்கள்.

காசு கொடுப்பதா மறிப்பதா என்று கேட்ட அந்தத் தாய்மாருக்கு என் அபிப்பிராயம்: கொடுங்கள், ஆனால் கூடப் போங்கள். பயிற்சி நிலையத்துக்கு ஒரு நாள் நேரில் போய்க் கதையுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். கட்டாதீர்கள், நிலையம் மூடப்பட்டால் அந்தப் பணம் போய்விடும். பாடம் பாடமாகக் கட்டுங்கள். மோசமான வானிலையில் எத்தனை தடவை பாடத்தை ரத்துச் செய்கிறீர்கள் என்று கேளுங்கள். அடிக்கடி ரத்துச் செய்வோம் என்று சொல்கிற நிலையமே எனக்குப் பிடிக்கும். விமானத்தின் காப்புறுதியில் மாணவரும் அடங்குகிறாரா என்று எழுத்தில் வாங்குங்கள். பிள்ளைக்கு உயிர்க் காப்புறுதி இருந்தாலோ, இனி எடுத்தாலோ, தனியார் விமானம் ஓட்டுவது பற்றிப் படிவத்தில் கேள்வி இருக்கும். மறைக்காமல் எழுதுங்கள், கட்டணம் கொஞ்சம் கூடலாம். அனுமதிப்பத்திரம், மருத்துவச் சான்றிதழ், தகுதிப் புதுப்பித்தல் ஆகியவற்றின் முடிவுத் திகதிகளை எல்லாம் ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள்.

கேள்விகள் இருந்தால் கலையகத்துக்கு எழுதுங்கள். விமானம் ஓட்டுகிற நேயர் எவராவது இருந்து, நான் சொன்னதில் திருத்தம் இருந்தால், அதையும் அடுத்த மடலில் போடுவோம். அடுத்த மாதம் வழமைபோல வருமான வரிப் படிவம். வணக்கம்.